டிவி ஷோவுக்கு ஒரு ஐடியா இருக்கு, யார்கிட்ட போய் எப்படி சொல்றது?

கேள்வி சுருக்கமா இதான்: மனசுல ஒரு சீரிஸ் ஐடியா இருக்கு, இண்டஸ்ட்ரில யாரையும் தெரியாது, சேனலுக்கு நேரா மெயில் போடலாமா, போட்டா திருடிருவாங்களா, கையில எவ்வளவு எழுதி வச்சிருக்கணும். நான் டெவலப்மென்ட் பக்கம், அதாவது புது ஷோக்கள தேர்ந்தெடுத்து வளக்குற பக்கம் உக்காந்து மத்தவங்க பிட்ச், அதாவது ஐடியாவ எடுத்துச் சொல்லி விக்கப் பாக்குறத, நெறைய கேட்டவன், நானும் போய் பிட்ச் பண்றவன், அதனால மேஜைக்கு ரெண்டு பக்கத்துல இருந்தும் சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

மொதல்ல ஒண்ணு மனசுல வாங்கிக்குங்க. ஐடியாவ யாரும் காசு குடுத்து வாங்குறது இல்ல. அவங்க வாங்குறது ஒரு ஷோ, அதாவது வாரா வாரம் நிக்காம ஓடக்கூடிய ஒண்ணு, அப்புறம் அத ஓட்டக்கூடிய ஆளு. பத்து பேர ஒரு வீட்டுக்குள்ள அடைச்சு வச்சு கேமரால பாக்கலாம்னு யாருக்கு வேணும்னாலும் தோணும். 1999ல நெதர்லாந்துல பிக் பிரதர் ஷோவா நின்னதுக்குக் காரணம் வெளி உலகத்தோட தொடர்பே இல்லாம இருக்கணும், ஒருத்தர ஒருத்தர் நாமினேட் பண்ணணும், ஜனங்க ஓட்டு போட்டு வெளிய அனுப்புவாங்க, தனி ரூம்ல போய் கேமராகிட்ட மனசு விட்டுப் பேசணும்ங்கிற விதிங்கதான். விதிங்க சண்டைய உண்டாக்குது, சண்டை எபிசோட உண்டாக்குது, எழுத்தாளர் தனியா எதையும் இழுத்துக்கிட்டு வர வேண்டியது இல்ல. இதத்தான் நாங்க எஞ்சின்னு சொல்லுவோம். உங்ககிட்ட எஞ்சின் இருக்கா இல்லையாங்கிறதுதான் முதல் கேள்வி, மத்தது எல்லாம் அதுக்கு அப்புறம்.

சும்மா சொன்னா புரியாது, ஒண்ண இங்கயே உருவாக்கிப் பாப்போம். ஐடியா: ஒரு பெரிய ரயில்வே ஸ்டேஷன்ல, பயணிங்க தொலைச்சுட்டுப் போற சாமானை எல்லாம் எடுத்து வைக்கிற ஆபீஸ். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இப்படியே கொண்டு போனா எதிர்ல இருக்கவங்க "நல்லாருக்கு, அப்புறம்?"னு கேப்பாங்க, அந்த அப்புறம்லதான் பாதி பேரு முழிக்கிறது. ஏன்னா இது ஒரு இடம், அவ்வளவுதான், இதுல கதை இன்னும் பொறக்கவே இல்ல.

சரி, அங்க யாரு வேலை பாக்குறா? ஒரு பொண்ணு, முப்பது வயசு. வேற நல்ல வேலை கெடைச்சும் ஏன் அங்கயே கெடக்குறா? சின்ன வயசுல இதே ஸ்டேஷன்ல அவ தம்பி காணாம போனான், அன்னைக்கு அவன் கைய புடிச்சிருந்தது இவதான். இப்போ ஒரு விதி வைங்க: முப்பது நாளைக்குள்ள சொந்தக்காரர் வரலைன்னா சாமான் ஏலத்துக்குப் போயிடும். ஆச்சா, இந்த ஒரு விதி வந்ததும் பாருங்க, ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு சாமான், ஒரு கெடு, தேடிப் புடிக்க வேண்டிய ஒரு ஆளுன்னு தானா அமைஞ்சுடுது. இன்னும் ஒரு திருகு: தேடிக் கண்டுபுடிச்ச ஆளுங்கள்ல சில பேருக்கு அந்த சாமான் திரும்ப வேண்டாம், அவங்க வேணும்னே விட்டுட்டுப் போனவங்க. இங்கதான் எனக்கு இது புடிக்க ஆரம்பிக்குது, ஏன்னா திருப்பிக் குடுக்குறது நல்ல காரியமாங்கிற கேள்வி ஒவ்வொரு வாரமும் வேற வேற மாதிரி வரும், அதே சமயம் தம்பியும் அப்படித் திரும்ப வர விரும்பாதவனா இருப்பானோங்கிற பயம் சீசன் முழுக்க அடியில ஓடிக்கிட்டே இருக்கும்.

இப்போ இத ஒன்லைனா, அதாவது முழு ஷோவையும் ஒரே வரில சொன்னா: காணாம போன தம்பிக்காக ரயில்வே ஸ்டேஷன் லாஸ்ட் ப்ராப்பர்ட்டி ஆபீஸ விட்டு நகராத ஒருத்தி, அங்க வந்து சேர்ற ஒவ்வொரு சாமானையும் ஏலத்துக்குப் போறதுக்குள்ள சொந்தக்காரர்கிட்ட சேக்கப் பாக்குறா, ஆனா அவங்கள்ல பல பேரு அத மறக்கணும்னுதான் விட்டுட்டுப் போயிருக்காங்க. முதல்ல இருந்த ஒன்லைனையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. யாரு, என்ன வேணும், எது தடுக்குது, அடுத்த வாரம் என்ன நடக்கும்னு நாலும் இதுக்குள்ள இருக்கு. தம்பி காணாம போன சமாச்சாரம் கொஞ்சம் அடிபட்ட விஷயம்தான், ஒத்துக்குறேன், அத எவனாவது ரூம்ல சுட்டிக்காட்டுவான், அதுக்கு ஒரு மாத்து வழி கையில வச்சுக்கிட்டுப் போகணும்.

உங்க ஐடியாக்கு நீங்களே ஒரு சோதனை வச்சுக்கலாம். ஒரு பேப்பர எடுத்து, ஒரே உக்கார்ல பத்து எபிசோடுக்கு ஒவ்வொரு வரி எழுதுங்க. நாலாவதுலயே பேனா நின்னு போச்சுன்னா உங்ககிட்ட இருக்கிறது படக்கதை, சீரிஸ் இல்ல. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா படத்துக்கான கதையத் தூக்கிக்கிட்டு சீரிஸ் எடுக்குறவங்ககிட்ட போனா ரெண்டு பேருக்கும் நேரம் வீண்.

ஒன்லைன் பத்தி பேசும்போது "இதும் அதும் சேந்த மாதிரி"ங்கிற வழிய பத்தியும் சொல்லிடுறேன். 1964ல ஜீன் ராடன்பெரி ஸ்டார் ட்ரெக்க பிட்ச் பண்ணப்போ, அப்போ டிவில ஓடிக்கிட்டிருந்த வேகன் ட்ரெயின்ங்கிற வெஸ்டர்ன் சீரிஸ சொல்லி, அத நட்சத்திரங்களுக்கு நடுவுல கொண்டு போன மாதிரின்னுதான் விளக்கினாரு. விண்வெளிக் கதைன்னா செலவும் புரியாம பயந்துக்கிட்டிருந்தவங்களுக்கு, வாரா வாரம் ஒரு புது ஊரு, அதே பயணக் கூட்டம்ங்கிற உருவம் சட்டுன்னு புடிபட்டுச்சு. அதுக்கும் என்பிசி சேனல் முதல் பைலட்ட, அதாவது மாதிரிக்கு எடுக்குற முதல் எபிசோட, வேணாம்னுட்டு ரெண்டாவது ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்லி, 1966லதான் ஷோ ஒளிபரப்பாச்சு. இந்த மாதிரி ஒப்பிடும்போது ஓடாத ஷோவச் சொல்லாதீங்க, ரொம்பப் பெரிய ஹிட்டயும் சொல்லாதீங்க, ஏன்னா பிரேக்கிங் பேட் மாதிரி இருக்கும்னு வர்ற பிட்ச கேட்டுக் கேட்டு அங்க இருக்கவங்க காது புளிச்சுப் போச்சு. அந்த ஷோவ வின்ஸ் கில்லிகன் சொன்ன விதத்த வேணா கத்துக்கலாம், சாதுவான ஒரு வாத்தியார் வில்லனா மாறுறாருங்கிற மாற்றம்தான் அவரோட பிட்சே, பொதுவா டிவில கேரக்டர் மாறாம அப்படியே இருக்கும், இதுல மாறிக்கிட்டே போகும்னு அவரு சொன்னதுலதான் புதுசு இருந்துச்சு.

எழுத்து வேலைக்கு வருவோம். கையில என்னென்ன இருக்கணும்? ஒன்லைன், ஒரு பக்க கான்செப்ட் நோட், பத்துப் பதினஞ்சு ஸ்லைடுல ஷோவ விளக்குற ஒரு டெக், புது ஆளா இருந்தா பைலட் ஸ்கிரிப்ட். அவ்வளவு போதும். ஒரு பக்கத்துல தலைப்பு, எந்த ஜானர், எத்தன எபிசோடு, ஒவ்வொண்ணும் எவ்வளவு நேரம், ஒன்லைன், கதை உலகம், முக்கியமான மூணு நாலு கேரக்டர், சீசன் எங்க போய் முடியுதுன்னு இருந்தா சரி. முடிவ மறைக்காதீங்க, பாக்குறவங்களுக்குத்தான் சஸ்பென்ஸ், காசு போடுறவங்களுக்கு இல்ல. "முடிவு என்னன்னு நேர்ல சொல்றேன்"னு எழுதி அனுப்புறவங்க இன்னமும் இருக்காங்க, அதப் பாத்ததும் இவருக்கே முடிவு தெரியாதுன்னு எடுத்துக்குவாங்க.

ஸ்கிரிப்ட் ஏன் வேணும்னா, புது ஆளோட ஐடியாவ நம்பலாம், அவரால எழுத முடியுமான்னு எப்படி நம்புறது? அதனால பைலட்ட முழுசா எழுதி வச்சுக்குங்க. சரியான ஃபார்மட்ல இருந்தா ஒரு பக்கம் கிட்டத்தட்ட ஒரு நிமிஷம்னு கணக்கு, அரை மணி நேர ஷோவுக்கு முப்பது பக்கம் சுத்தி, ஒரு மணி நேரத்துக்கு அம்பதுல இருந்து அறுபது பக்கம். ஆனா கேக்காம அனுப்பாதீங்க. மேட் மென் எழுதின மாத்யூ வைனர் பைலட் ஸ்கிரிப்ட எழுதி வச்சுக்கிட்டு வருஷக்கணக்கா சுத்தினாரு, அதப் படிச்சுத்தான் தி சொப்ரானோஸ்ல அவருக்கு எழுத்தாளர் வேலையே கெடைச்சுச்சு, 2007லதான் மேட் மென் ஏஎம்சி சேனல்ல வந்துச்சு. ஷோ விக்கலைன்னாலும் ஸ்கிரிப்ட் உங்களுக்காக வேலை பாக்கும்ங்கிறதுக்கு இதவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. சீசன் முழுக்க எழுதி எண்பது பக்க பைபிளோட, அதாவது கதை, கேரக்டர், உலகம் எல்லாத்தையும் விலாவாரியா எழுதின ஆவணத்தோட, வர்றவங்களும் உண்டு, அத யாரும் படிக்கப் போறதில்ல, தவிர நாளைக்கு சேனல் ரெண்டு கேரக்டர தூக்கச் சொன்னா அத்தனையும் வீணாப் போயிடும்.

கேம் ஷோ, ரியாலிட்டி மாதிரி நான் ஃபிக்‌ஷன்னா ஆட்டமே வேற. அங்க ஸ்கிரிப்ட் கிடையாது, விதிங்கதான் ஸ்கிரிப்ட். ஒரு எபிசோடு எப்படித் தொடங்கும், நடுவுல எங்க இறுக்கம் ஏறும், கடைசி அஞ்சு நிமிஷம் என்ன, போட்டியாளர் பத்தாவது நிமிஷத்துலயே தோத்துட்டா மீதி நேரத்த எப்படி நிரப்புவீங்க, ஒரே செட்ல ஒரு நாளைக்கு எத்தன எபிசோடு எடுக்க முடியும், இதுக்கெல்லாம் பதில் வேணும். ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர் கதை இதுக்கு அருமையான பாடம். கேஷ் மவுன்டன்ங்கிற பேருல சுத்திக்கிட்டிருந்த அந்த ஐடியாவ பால் ஸ்மித்ங்கிற தயாரிப்பாளர் பிரிட்டன்ல ஐடிவி சேனலுக்கு எடுத்துட்டுப் போனாரு. ஸ்லைடு போட்டு விளக்காம, முடிவு எடுக்குற ஆளையே மேஜைல உக்கார வச்சு, நிஜப் பணத்த வச்சு அந்த ஆட்டத்த ஆட வச்சாரு. பதில் தெரியும்னு நெனப்பாரு, ஆனா தப்பாப் போனா கையில இருக்கிறது போயிடும், நிறுத்திக்கவா ஆடவான்னு தவிக்கணும். அந்தத் தவிப்புதான் ஷோ, அத சொல்லிப் புரிய வைக்கிறத விட அனுபவிக்க வச்சுட்டாரு. 1998 செப்டம்பர்ல ஒளிபரப்பாச்சு, அப்புறம் உலகம் பூரா நாடு நாடா வாங்கிக்கிட்டாங்க. உங்களோடது கேம் ஷோன்னா, நண்பர்கள உக்கார வச்சு நாலு தடவ ஆடிப் பாருங்க, விதில எங்க ஓட்டைன்னு அரை மணி நேரத்துல தெரிஞ்சுடும், அத மொபைல்ல ஷூட் பண்ணி வச்சா ரெண்டு நிமிஷ வீடியோவும் கையில இருக்கும்.

இப்போ யார்கிட்ட போறது. நேரா சேனலுக்கோ ஓடிடிக்கோ மெயில் போட்டா என்ன நடக்கும்னா, பெரும்பாலும் ஒண்ணும் நடக்காது, திறக்காமயே திருப்பிருவாங்க. நெட்ஃப்ளிக்ஸ் அத வெளிப்படையாவே சொல்லிருக்கு, ஏஜென்ட், வக்கீல், மேனேஜர், தயாரிப்பாளர், ஏற்கனவே தொடர்புல இருக்கிற இண்டஸ்ட்ரி ஆளு, இவங்க வழியா வந்தாத்தான் பாப்போம்னு. திமிருன்னு நெனக்காதீங்க, காரணம் சட்டம். வெளியில இருந்து வந்த ஐடியாவ ஒருத்தர் படிச்சுட்டா, நாளைக்கு அது மாதிரி ஒரு ஷோ வந்தா என்னோடதத் திருடிட்டாங்கன்னு வழக்கு வரும்.

அதனால உங்க இலக்கு சேனல் இல்ல, புரொடக்‌ஷன் கம்பெனி. சேனலுக்கு ஐடியாவும் வேணும், அத சொன்ன பட்ஜெட்ல சொன்ன தேதில எடுத்துக் குடுக்குற கையும் வேணும், ரெண்டாவது உங்ககிட்ட இல்ல, கம்பெனிகிட்ட இருக்கு. எந்தக் கம்பெனின்னு கண்டுபுடிக்கிறது ரொம்ப சுலபம், யாரும் செய்யறது இல்ல, அவ்வளவுதான்: உங்க ஐடியா வகையிலயே கடைசி ரெண்டு மூணு வருஷத்துல வந்த ஷோக்கள எடுத்து, முடிவுல ஓடுற டைட்டில நிறுத்தி நிறுத்திப் படிங்க. கம்பெனி பேரு, கிரியேட்டிவ் ஹெட், அசோசியேட் ப்ரொட்யூசர்னு எல்லாம் அங்கயே இருக்கும். பெரிய கம்பெனி முதலாளியத் துரத்துறத விட டெவலப்மென்ட்ல இருக்கிற இளசுங்களப் புடிங்க, புதுசா ஒண்ணக் கண்டுபுடிச்சு மேல கொண்டு போகணும்ங்கிற பசி அவங்களுக்குத்தான் இருக்கும். ஒரே கம்பெனிய அஞ்சு பேரு வழியா அணுகாதீங்க, ஒருத்தர்கிட்ட போனா போதும், அவங்களுக்குள்ள பேசிக்குவாங்க.

மெயில் எப்படி இருக்கணும்? மொபைல் ஸ்க்ரீன்ல ஸ்க்ரோல் பண்ணாம படிச்சு முடிக்கிற அளவு. இப்படி வச்சுக்குங்களேன்:

"வணக்கம். நீங்க எடுத்த இன்ன ஷோவுல மூணாவது எபிசோடு எனக்கு ரொம்பப் புடிச்சது, ஒரே ரூமுக்குள்ள முழு எபிசோடையும் நடத்தின விதம். நான் ரயில்வேல ஆறு வருஷம் வேலை பாத்தவன், அந்த அனுபவத்துல இருந்து எட்டு எபிசோடு டிராமா ஒண்ணு எழுதிருக்கேன். ஒன்லைன் கீழ இருக்கு. ஒரு பக்க நோட்டும் பைலட் ஸ்கிரிப்டும் ரெடியா இருக்கு, நீங்க சரின்னா அனுப்புறேன். உங்க ரிலீஸ் ஃபார்ம்ல கையெழுத்துப் போடணும்னாலும் சம்மதம்."

இவ்வளவுதான். ரிலீஸ் ஃபார்ம்ங்கிறது, நாளைக்கு இது மாதிரி ஷோ வந்தா திருட்டுன்னு கேஸ் போட மாட்டேன்னு எழுதிக் குடுக்குற காகிதம். இதுல இருக்கிற ஆறு வருஷ வேலைங்கிற வரி சாதாரணமா தெரியலாம், ஆனா முக்கியமான வரியே அதுதான். இந்தக் கதைய ஏன் நீங்க சொல்லணும்ங்கிற கேள்விக்கு அது பதில். நர்ஸா இருந்தவரு ஆஸ்பத்திரிக் கதை கொண்டு வந்தா காது தானா நிமிரும். அந்த மாதிரி தொழில் அனுபவம் இல்லைன்னா பொய் சொல்லாதீங்க, நேர்ல போய்ப் பாத்து பேசி சேத்த விஷயத்தச் சொல்லுங்க. அப்புறம், "இது உலகத் தரம், இதுவரை யாருமே செய்யாதது"ன்னு எழுதாதீங்க, அந்த வரியப் பாத்ததுமே மெயில மூடுற ஆளுங்கள எனக்குத் தெரியும்.

மீட்டிங் கெடைச்சிருச்சுன்னு வைங்க. இருபது நிமிஷம்னு நெனச்சுத் தயார் பண்ணுங்க, அதுல நீங்க பேசறது பன்னெண்டு பதினஞ்சு நிமிஷம், மிச்சம் அவங்க கேள்வி. முதல்ல இந்த ஐடியா உங்களுக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு ரெண்டு மூணு வரி, அது நிஜமா இருந்தா ரூம் தளர்ந்துடும். அப்புறம் ஒன்லைன். அப்புறம் பைலட்டோட முதல் காட்சிய மட்டும் படம் ஓடுற மாதிரி சொல்லுங்க: ராத்திரி கடைசி வண்டி போயிருச்சு, பிளாட்பாரம் பெஞ்சுல ஒரு செயற்கைக் கால், கழட்டி ஒழுங்கா சாத்தி வச்சிருக்கு, சுத்திலும் யாரும் இல்ல. கால விட்டுட்டு ஒருத்தர் எப்படி நடந்து போயிருப்பாரு? இங்க ஒரு நொடி நிறுத்துங்க. எதிர்ல இருக்கவரு ஃபோன கவுத்து வைப்பாரு. இதுக்கு அப்புறம் கேரக்டர்கள், அதுவும் வயசு நிறம்னு அடுக்காம ஒவ்வொருத்தருக்கும் என்ன வேணும், யாரோட மோதுறாங்கன்னு. அப்புறம் சீசன் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது, பின்னாடி வரக்கூடிய எபிசோடு மூணு. முடிஞ்சதும் நிறுத்திருங்க. நிறுத்தத் தெரியாம "இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன்"னு இழுக்கிறதுலதான் நல்ல பிட்ச் பல கெட்டுப் போறது.

ஸ்லைட வாசிக்காதீங்க, அது அவங்க படிக்கத் தெரிஞ்சவங்கதான்னு மறந்த மாதிரி இருக்கும். வீடியோ கால்ல பண்றீங்கன்னா ஸ்லைட இன்னும் கொறைங்க, உங்க மூஞ்சி தெரியணும்.

கேள்விங்க எப்படி வரும்? யாருக்கான ஷோ, இத இப்போ ஏன் பண்ணணும், ரெண்டாவது சீசன் இருக்கா, எவ்வளவு செலவாகும், இந்த மாதிரி ஏற்கனவே ஒண்ணு வந்துச்சே அதுல இருந்து இது எப்படி வேற. பட்ஜெட் எண்ணு நீங்க சொல்ல வேண்டியது இல்ல, ஆனா செலவு எங்க இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும், முக்கால்வாசி ஒரே செட்டுக்குள்ள, ஸ்டேஷன் வெளிப்புறம் எபிசோடுக்கு ரெண்டு காட்சின்னு சொன்னா, இவரு யோசிச்சிருக்காருன்னு தெரியும். ஹீரோயின ஆணா மாத்துனா என்னன்னு ஒருத்தர் கேப்பாரு. சண்டைக்குப் போகாதீங்க, உடனே தலையும் ஆட்டாதீங்க. அந்தக் கேள்விக்குப் பின்னாடி இருக்கிற கவலை என்னன்னு திருப்பிக் கேளுங்க, பாதி நேரம் அது வேற ஏதோ ஒண்ணா இருக்கும். நோட்ஸ, அதாவது அவங்க சொல்ற திருத்தங்கள, எப்படி எடுத்துக்கறீங்கன்னு பாக்குறதுக்காகவே சில பேரு வேணும்னு ஒரு மோசமான நோட் குடுப்பாங்க, ஏன்னா ஓகே ஆச்சுன்னா அடுத்த ரெண்டு வருஷம் உங்களோட குப்பை கொட்ட வேண்டியது அவங்கதான்.

சரி, திருடிருவாங்களாங்கிறதுக்கு வருவோம், எல்லாரும் முதல்ல கேக்குறது இதத்தான். சட்டப்படி வெறும் ஐடியாக்கு காப்பிரைட் கிடையாது, எந்த நாட்டுலயும். உலக வர்த்தக அமைப்போட டிரிப்ஸ் ஒப்பந்தம் 9வது பிரிவுலயே, பாதுகாப்பு வெளிப்பாட்டுக்குத்தான் ஐடியாவுக்கு இல்லன்னு எழுதிருக்கு. ஹியூகி கிரீன்னு பிரிட்டன்ல ஆப்பர்ச்சூனிட்டி நாக்ஸ்ங்கிற திறமைப் போட்டி நடத்தினவரு, அதே பேருல நியூசிலாந்துல ஷோ போட்டாங்கன்னு கேஸ் போட்டாரு. பேரு ஒண்ணு, அவரு பேசற வசனம் ஒண்ணு, கைதட்டல அளக்குற மீட்டர் உட்பட ஒண்ணு. 1989ல லண்டன்ல இருக்கிற ப்ரிவி கவுன்சில்ங்கிற கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றம் வரைக்கும் போய் தோத்துட்டாரு, அதெல்லாம் சேத்து ஒரு நாடகப் படைப்பா நிக்கலன்னுட்டாங்க. ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. 2003ல மும்பை ஐகோர்ட்டுல ஜீ டெலிஃபில்ம்ஸ் மேல சன்டயல் கம்யூனிகேஷன்ஸ் போட்ட வழக்குல, பிட்ச்ல நம்பிச் சொன்ன கான்செப்ட்ட, விரிவா உருவாக்கி எழுதி வச்சிருந்ததுன்னா, ரகசியம்ங்கிற அடிப்படைல பாதுகாக்கலாம்னு தடைய உறுதி பண்ணாங்க. கலிபோர்னியால 1956ல டெஸ்னிங்கிறவர் போட்ட வழக்குல, பயன்படுத்துனா காசு குடுக்கணும்ங்கிற புரிதல்ல ஐடியா சொல்லப்பட்டிருந்தா அதுவே ஒரு ஒப்பந்தம் ஆகலாம்னு சொன்னாங்க. ரிலீஸ் ஃபார்ம் நீட்டுறதுக்கான பயமே இதுதான்.

இதுல இருந்து நீங்க எடுத்துக்க வேண்டியது: எவ்வளவு விரிவா எழுதிருக்கீங்களோ அவ்வளவு உங்களோடது. டீக்கடைல சொன்ன ஒரு வரி யாரோடதும் இல்ல. நோட்டையும் ஸ்கிரிப்டையும் எழுத்தாளர் சங்கத்துலயோ காப்பிரைட் அலுவலகத்துலயோ பதிவு பண்ணிருங்க, தேதிக்கு ஆதாரம் ஆச்சு. மீட்டிங் முடிஞ்ச அன்னைக்கே "இன்னைக்கு இன்ன ஷோவப் பத்திப் பேசினதுக்கு நன்றி"ன்னு ஒரு மெயில் போட்டுருங்க, மரியாதைக்கு மரியாதை, ரெக்கார்டுக்கு ரெக்கார்டு. ஆனா முதல் மெயில்லயே என்டிஏல, அதாவது வெளிய சொல்ல மாட்டோம்ங்கிற ரகசிய ஒப்பந்தத்துல, கையெழுத்து போட்டாத்தான் சொல்லுவேன்னு நின்னா யாரும் போட மாட்டாங்க, கதவு அங்கயே மூடிடும். ஒரே சமயத்துல ஒரே ஐடியா நாலு பேருக்குத் தோணுறது ரொம்ப சாதாரணம், உள்ள உக்காந்து பாத்தா தெரியும், ஒரே மாசத்துல சம்பந்தமே இல்லாத மூணு பேரு ஒரே மாதிரி கான்செப்ட் அனுப்புவாங்க. திருட்டு நடக்கிறதே இல்லன்னு சொல்ல வரல, ஆனா ஐடியாவப் பூட்டி வச்சு வீணாப் போனவங்கதான் அதவிட ரொம்ப அதிகம்.

புடிச்சிருக்குன்னு சொன்னா அடுத்து ஆப்ஷன் ஒப்பந்தம் வரும். பன்னெண்டு இல்ல பதினெட்டு மாசத்துக்கு இந்த ஐடியாவ அவங்க மட்டும் சேனல்களுக்கு எடுத்துட்டுப் போகலாம்னு அர்த்தம், அதுக்கு ஒரு சின்னத் தொகை, ஷோ எடுக்க ஆரம்பிச்சா பெரிய தொகை. இதுல காச விட முக்கியமா பாக்க வேண்டிய இடம் சிலது இருக்கு. கெடு முடிஞ்சும் எதுவும் நடக்கலைன்னா உரிமை தானா உங்ககிட்ட திரும்பணும், அத எழுத்துல வாங்குங்க. உருவாக்கியவர்னு டைட்டில்ல பேரு வருமா, வேற மொழில ரீமேக் ஆனா, இதுல இருந்து கெளைச்சு ஸ்பின் ஆஃப்னு இன்னொரு ஷோ வந்தா உங்களுக்கு என்ன, பைலட்ட நீங்கதான் எழுதுவீங்களா, வேற ஆளு வந்தாலும் ரைட்டர்ஸ் ரூம்ல, அதாவது சேந்து எழுதுற எழுத்தாளர் குழுவுல, உங்களுக்கு எடம் உண்டா. ஆப்ஷன் காசே குடுக்காம ஷாப்பிங் அக்ரிமென்ட்னு ஒண்ணு நீட்டுவாங்க, நல்ல கம்பெனின்னா பரவாயில்ல, ஆனா காலத்தக் கொறைச்சு ஆறு மாசம்னு வைங்க. வக்கீல்னா மீடியா ஒப்பந்தம் பாக்குற வக்கீல், சொந்தக்கார சிவில் வக்கீல் இல்ல.

பதில் வரலைன்னா ரெண்டு வாரம் கழிச்சு ஒரு மெயில், அதுக்கு அப்புறம் ஒரு மாசம் கழிச்சு இன்னொண்ணு, அதோட விட்டுருங்க. வேணாம்னு சொன்னா பெரும்பாலும் உங்க எழுத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது, அதே மாதிரி ஒண்ணு அவங்ககிட்ட ஏற்கனவே தயாராகிக்கிட்டிருக்கும், இல்ல இந்த வருஷம் த்ரில்லர் வேணாம்னு மேலிடத்துல சொல்லிருப்பாங்க, இல்ல உங்களக் கூப்பிட்டு விட்டவரே வேலைய விட்டுப் போயிருப்பாரு. டஃபர் பிரதர்ஸ் மான்டாக்ங்கிற பேருல கொண்டு போன சீரிஸ பதினஞ்சு இருபது எடத்துல தள்ளிட்டாங்க, சின்னப் பசங்கள வச்சு எடுக்குறதுன்னா குழந்தைங்க ஷோவா மாத்துங்க, இல்ல பசங்களத் தூக்கிட்டு போலீஸ்காரர மட்டும் வைங்கன்னு நோட் குடுத்தாங்க. அவங்க மாத்தல, 2016ல அது ஸ்ட்ரேஞ்சர் திங்ஸா வந்துச்சு. கொரியன் இயக்குநர் ஹ்வாங் டாங் ஹ்யுக் ஸ்க்விட் கேம 2009 வாக்குலயே எழுதி முடிச்சு, எடுக்க ஆள் இல்லாம ஓரமா வச்சிருந்தாரு, அது 2021லதான் வெளிய வந்துச்சு.

கடைசியா ஒரு நடைமுறை விஷயம். வேணாம்னு சொன்ன அதே மூச்சுல "வேற என்ன வச்சிருக்கீங்க?"ன்னு கேப்பாங்க, நிஜமாவே கேப்பாங்க, அது மரியாதைக்குக் கேக்குறது இல்ல, உங்களப் புடிச்சிருக்கு ஆனா இது இப்போ வேணாம்னு அர்த்தம். அப்போ முழிக்கக் கூடாது, ரெண்டாவது ஐடியாவோட ஒன்லைன் நாக்கு நுனில இருக்கணும், முதல் ஐடியாவுக்குப் பண்ண அந்த பத்து எபிசோடு சோதனைய அதுக்கும் பண்ணி முடிச்சிருக்கணும்.